டல்கோனா காபி: 400 தடவை அடிச்சோம், நஷ்டம் எவ்வளவு?



2020 ஏப்ரல் மாசம் உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஒரு கண்ணாடி டம்ளர். கீழே பால், ரெண்டு ஐஸ் கட்டி. மேலே பழுப்பு நிறத்துல மெத்தை மாதிரி நுரை. ஸ்க்ரோல் பண்ணப் பண்ண அதே டம்ளர்தான். ஒரு பக்கம் அம்மா ஃபில்டர்ல டிகாக்‌ஷன் இறக்கிக்கிட்டு இருப்பாங்க, இன்னொரு பக்கம் பிள்ளைங்க கிண்ணத்துல காபித்தூளைப் போட்டு கை வலிக்க வலிக்க அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஜூலை வந்தப்போ அந்த டம்ளர் போன இடம் தெரியல.

பணத்தைப் பத்திப் பேசற இடத்துல காபிக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? காரணம் இருக்கு. நம்ம சேனலுக்குத் திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி: "சார், இப்போ இந்த டிரிங்க் செமையா ஓடுது. ஃபிரான்சைஸ் எடுக்கலாமா?" டிரிங்க் பேரு மாறும், கேள்வி மாறாது. அதுக்குப் பதில் சொல்ல டல்கோனாவை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். டல்கோனா அடிச்சவங்களை "வேலை வெட்டி இல்லாதவங்க"ன்னு கிண்டல் பண்ற கூட்டம் இன்னிக்கும் இருக்கு. எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்லை. சாதாரண மக்கள் கலந்துக்கிட்ட ட்ரெண்டுகள்ல இவ்வளவு நாணயமான ட்ரெண்டு ரொம்பக் குறைவுன்னுதான் நான் சொல்வேன்.

முதல்ல கதையைப் பார்த்துடலாம்.

மக்காவ்ல கொலோவான்னு ஒரு பகுதி. அங்கே ஹான் கீன்னு ஒரு சின்ன காபிக் கடை. இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, கொஞ்சம் வெந்நீர், மூணையும் கையாலேயே 400 தடவை அடிச்சு நுரையாக்கித் தருவாங்க. ஹாங்காங் நடிகர் சௌ யுன் ஃபாட் அங்கே வந்து குடிச்சிருக்கார், அதனால உள்ளூர்ல ஏற்கனவே பேர் வாங்கின கடைதான். 2020 ஜனவரியில தென்கொரியாவோட கேபிஎஸ் டிவி சமையல் நிகழ்ச்சி ஒண்ணுல, ஜங் இல் வூன்னு ஒரு நடிகர் அந்தக் காபியைக் குடிச்சுப் பார்த்துட்டு, இது டல்கோனா மாதிரி இருக்கேன்னு சொன்னார். டல்கோனாங்கறது சர்க்கரையை உருக்கி சோடா மாவு போட்டுச் செய்யற கொரியத் தெருவோர மிட்டாய். நம்ம ஊர்ல பள்ளிக்கூட வாசல்ல கமர்கட்டு எப்படியோ, அங்கே அது. மிட்டாய்க்கும் காபிக்கும் பேர்ல மட்டும்தான் சொந்தம். 2021 செப்டம்பர்ல 'ஸ்க்விட் கேம்' வந்து, அதுல ஊசியால மிட்டாயைக் குத்திப் பிரிக்கற காட்சியைப் பார்த்த பிறகுதான் "அட, உண்மையான டல்கோனா இதுதானா"ன்னு நம்ம ஆளுங்க பல பேருக்குத் தெரிஞ்சது.

அந்த நிகழ்ச்சி வந்த கொஞ்ச நாள்லயே கொரியாவுல கொரோனா பரவி எல்லாரும் வீட்டுக்குள்ள. "400 தடவை அடிக்கிற காபி"ங்கறது அங்கே ஒரு சேலஞ்சாவே மாறிடுச்சு. மார்ச்ல அது டிக்டாக், இன்ஸ்டா, யூடியூப்னு உலகத்துக்கே தாவுச்சு. மார்ச் 25 நம்ம நாட்டுல 21 நாள் லாக்டவுன். நூல் பிடிச்ச மாதிரி அதே நேரத்துல டம்ளரும் வந்து சேர்ந்துச்சு.

2020ல இந்தியர்கள் கூகுள்ல "எப்படி" போட்டுத் தேடின விஷயங்களோட பட்டியலை அந்த வருஷக் கடைசியில கூகுள் வெளியிட்டுச்சு. முதல் இடம் பனீர் செய்வது எப்படி. ரெண்டாவது நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது எப்படி. மூணாவது டல்கோனா காபி. நாலாவது என்ன தெரியுமா? பான் கார்டை ஆதாரோட இணைப்பது எப்படி! அரசாங்கம் கெடு மேல கெடு வெச்ச ஒரு விஷயத்தை ஒரு டம்ளர் நுரை முந்திடுச்சு. எங்களை மாதிரி பணத்தைப் பத்தி வீடியோ போடறவங்களுக்கு இதை விட ஒரு குட்டு வேண்டாம்.

சரி, இவ்வளவு வேகமா ஏன் பரவுச்சு? செலவு இல்லை, அதான். ஓவன் வேண்டாம், புதுச் சாமான் வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். காபித்தூள் ரெண்டு டேபிள்ஸ்பூன், சர்க்கரை ரெண்டு, வெந்நீர் ரெண்டு. அளவைக் கூட எழுதி வெச்சுக்க வேண்டாம். இதுல ஒரு சின்ன விஷயம்: ஃபில்டர் டிகாக்‌ஷனை நீங்க விடிய விடிய அடிச்சாலும் இந்த நுரை நிக்காது. இன்ஸ்டன்ட் தூள்ங்கறது ஏற்கனவே காய்ச்சி, தண்ணியை எடுத்து உலர்த்தின காபி. அதனால ரெண்டு ஸ்பூன் தண்ணியிலயே அவ்வளவும் கரைஞ்சு கெட்டியாகும். அடிக்க அடிக்க காத்து உள்ளே போகும், சர்க்கரைப் பாகோட பிசுபிசுப்பு அந்தக் குமிழ்களை உடையாமப் பிடிச்சு வெக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

செலவுக் கணக்கு போடுவோம். நாம வழக்கமா ஒரு கப்புக்கு ஒண்ணு ரெண்டு டீஸ்பூன் காபித்தூள் போடுவோம். டல்கோனாவுக்கு ஆறு டீஸ்பூன். அதாவது மூணு நாலு கப் காபிக்கான தூள் ஒரே நுரைக்குள்ள போகுது. ரெண்டு ரூபாய் சாஷேயா வாங்கிக் கொட்டினாலும், பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து 30 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். அந்த 30 ரூபாய்க்கு லாக்டவுன்ல ஒரு சாயங்காலம் ஓடுச்சு, வீட்ல நாலு பேர் சிரிச்சாங்க, ஊர்ல இருக்கற அத்தைக்கு ஒரு ஃபோட்டோ போச்சு. இதை வீண் செலவுன்னு சொல்றவங்க அதே மாசம் ஓடிடிக்கு எவ்வளவு கட்டினாங்கன்னு சொல்லட்டும்.

விழுந்ததுக்குக் காரணமும் அந்த டம்ளருக்குள்ளயேதான் இருக்கு. முதல் நாள் 400 தடவை அடிக்கறது விளையாட்டு. ரெண்டாம் நாள் அது வேலை. மேல நிக்கிற நுரையைத் தனியா வாயில வெச்சா கசக்கும், கீழ இருக்கறது வெறும் பால். குடிக்கணும்னா ரெண்டையும் கலக்கியாகணும். கலக்கினா அந்த அழகு போயிடும். ஃபோட்டோ எடுத்த பிறகுதான் குடிக்கவே முடியும்! அப்போ அது எதுக்காகச் செஞ்ச பொருள்னு நீங்களே பார்த்துக்கங்க. தெரிஞ்சவங்க எல்லாரும் ஆளுக்கொரு ஃபோட்டோ போட்டு முடிச்சதும், அடுத்த ஃபோட்டோவைப் பார்க்க ஆள் இல்லை. ஜூன் 29ஆம் தேதி இந்தியாவுல டிக்டாக்கைத் தடை பண்ணாங்க. அதனாலதான் டல்கோனா போச்சுன்னு நினைக்காதீங்க. அதுக்கு முன்னாடியே சுருதி இறங்கிடுச்சு.

அதே லாக்டவுன்ல வந்து, தங்கிட்ட ஒரு பழக்கத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. யுபிஐ. 2020 அக்டோபர்ல ஒரே மாசத்துல 200 கோடி பரிவர்த்தனையைத் தாண்டுச்சு. 2023 ஆகஸ்ட்ல மாசத்துக்கு 1,000 கோடி. கீரைக்காரம்மாவுக்கு ஸ்கேன் பண்ணி 20 ரூபாய் அனுப்பினதை யாரும் ஸ்டேட்டஸ் போடறதில்லை. போடாமலேயே அடுத்த நாளும் அதையே செய்யறோம். ஒரு ட்ரெண்டு நிக்குமா நிக்காதான்னு பார்க்க நான் இதைத்தான் கவனிப்பேன்: கேமரா இல்லாதப்போ ரெண்டாவது தடவை செய்யறாங்களா?

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. வட இந்தியாவுல 'ஃபேன்ட்டி ஹுயி காபி'ன்னு ஒண்ணு பல தலைமுறையா இருக்கு. காபித்தூளையும் சர்க்கரையையும் சில சொட்டுத் தண்ணி விட்டு ஸ்பூனால அடிச்சு, அது மேல சூடான பாலை ஊத்துவாங்க. டல்கோனாவுல பால் மேல நுரையை வெக்கறோம். அதாவது அதே பொருள், தலைகீழா! ஏற்கனவே சந்தையில இருக்கற ஃபண்ட் மாதிரியே இன்னொண்ணைப் புதுப் பேர்ல, 10 ரூபாய் என்ஏவியில என்எஃப்ஓவா கொண்டு வரும்போது எனக்கு இந்தக் காபிதான் ஞாபகம் வரும். சரி, அது வேற வீடியோவுக்கான சண்டை.

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம். இந்த ட்ரெண்டுல யார் சம்பாதிச்சாங்க?

"காபித்தூள் விக்கிற கம்பெனி ஷேரை வாங்கியிருக்கலாமே"ன்னு உடனே தோணும். பார்க்கலாம். நெஸ்லே இந்தியாவை எடுத்துக்கங்க. நெஸ்கஃபே அவங்களோடதுதான். ஆனா அவங்க விற்பனையில பெரிய பங்கு பால் பொருட்களும் குழந்தை உணவும். அடுத்து மேகி. காபி மாதிரியான பானங்கள் அப்போ சுமார் பத்துல ஒரு பங்கு அளவுதான் இருந்துச்சு. உங்க ஃபீட் முழுக்க நுரையா இருந்தாலும், அந்தக் கம்பெனி கணக்குப் புத்தகத்துல அது ஒரு மூலை. சரி, காபிக்கொட்டை விலையாவது ஏறுச்சா? ஏறுச்சு, ஆனா டல்கோனாவால இல்லை. 2021 ஜூலைல பிரேசில் தோட்டங்கள்ல உறைபனி விழுந்தப்போ அராபிகா விலை எகிறுச்சு. இன்ஸ்டன்ட் தூளுக்கு அதிகமாப் போறது ரொபஸ்டா. 2024ல வியட்நாம் வறட்சியால அது வரலாறு காணாத விலைக்குப் போச்சு. உலகமே சேர்ந்து நுரை அடிச்சும் அசையாத விலை, ஒரு ராத்திரிப் பனிக்கு அசைஞ்சுது. ட்ரெண்டைப் பார்த்து ஷேர் வாங்கறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும்: நம்ம கண்ணுல அதிகம் படறதும், லாபத்தை நகர்த்தறதும் ஒண்ணு இல்லை.

இன்னொரு லாக்டவுன் ட்ரெண்டுல நிஜமாவே பெரிய பணம் விளையாடுச்சு. அமெரிக்காவுல பெலோட்டன்னு ஒரு கம்பெனி. ஸ்க்ரீன் வெச்ச உடற்பயிற்சி சைக்கிள் விக்கிறவங்க. ஒரு சைக்கிள் கிட்டத்தட்ட 2,000 டாலர். ஜிம் எல்லாம் மூடினதும் விற்பனை பிச்சுக்கிட்டு போச்சு. 2021 ஜனவரியில ஷேர் விலை 160 டாலரைத் தாண்டுச்சு. அவங்க என்ன பண்ணாங்க? இந்தக் கூட்டம் இனி எப்பவும் இருக்கும்னு நம்பி, 2021 மே மாசம் ஒஹாயோவுல 40 கோடி டாலர்ல தொழிற்சாலை கட்டப் போறோம்னு அறிவிச்சாங்க. ஜிம் திறந்துச்சு. 2022 பிப்ரவரியில அந்தத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கைவிட்டாங்க, சுமார் 2,800 பேருக்கு வேலை போச்சு, கம்பெனியை ஆரம்பிச்ச ஜான் ஃபோலி சிஇஓ பதவியை விட்டு இறங்கினார். அந்த வருஷமே ஷேர் 10 டாலருக்குக் கீழே வந்துடுச்சு. சைக்கிள் மோசமான சைக்கிள் இல்லைங்க. ஆறு மாசக் கூட்டத்தை அறுபது வருஷக் கூட்டம்னு நினைச்சுக் கணக்குப் போட்டதுதான் விஷயம்.

இப்போ டல்கோனாவைத் திரும்பப் பாருங்க. அதுவும் விழுந்துச்சு, இதுவும் விழுந்துச்சு. டல்கோனாவுல இருந்து வெளியே வர உங்களுக்கு என்ன செலவாச்சு? கிண்ணத்தைக் கழுவி வெச்சீங்க. ஆசைப்பட்டு ஆன்லைன்ல ஒரு ஹேண்ட் மிக்ஸர் வாங்கினவங்களுக்கு ஆயிரம், ரெண்டாயிரம். அது கேக்குக்காவது ஆகும். நான் நாணயமான ட்ரெண்டுன்னு சொன்னது இதைத்தான். உள்ளே வரவும் காசு கேக்கல, வெளியே போகவும் காசு கேக்கல.

நம்ம தெருமுனையில திறக்கற ட்ரெண்டு அப்படி இல்லை. ஒரு கணக்கு போடறேன். இது எந்தக் கம்பெனியோட கணக்கும் இல்லை, புரியறதுக்காக நானே வெச்சுக்கிட்ட நம்பர்கள். உங்களுக்கு வந்திருக்கற ஆஃபர்ல இருக்கற நம்பரை இதுல மாத்திப் போட்டுக்கங்க.

ஃபிரான்சைஸ் கட்டணம் 3 லட்சம். அதுக்கு 18% ஜிஎஸ்டி 54,000. கடை வாடகை மாசம் 25,000, பத்து மாச அட்வான்ஸ் 2.5 லட்சம். இன்டீரியர், மெஷின், போர்டு எல்லாம் 4 லட்சம். மொத்தம் 10,04,000 ரூபாய். இதுல 5 லட்சம் வீட்டு நகையை வெச்சு 12% வட்டியில வாங்கினதுன்னு வெச்சுப்போம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது, இல்லையா?

மாசச் செலவு: வாடகை 25,000, ரெண்டு பசங்க சம்பளம் 30,000, கரண்ட் 8,000, நகைக் கடன் வட்டி 5,000. ஆக 68,000. ஒரு டிரிங்க் விலை 100 ரூபாய். அதுல சரக்கும் கப்பும் 40, கம்பெனிக்கு ராயல்டி 6. கையில நிக்கறது 54. அப்போ நஷ்டம் இல்லாம நிக்கறதுக்கே தினம் 42 கப் விக்கணும். மழை நாள், பரீட்சை நாள் எல்லாம் சேர்த்து.

முதல் ரெண்டு மாசம் தினம் 120 கப் போகுது. செலவு போக மாசம் 1,26,400 மிச்சம். வீட்ல எல்லாரும் சந்தோஷம், மச்சான் "நானும் ஒண்ணு எடுக்கவா"ன்னு கேக்கறார். அடுத்த ரெண்டு மாசம் 60 கப். மிச்சம் 29,200. தெருமுனையில அதே டிரிங்குக்கு இன்னொரு கடை திறந்தாச்சு. அஞ்சாவது, ஆறாவது மாசம் 30 கப். இப்போ மாசம் 19,400 கையில இருந்து போகுது. ஆறு மாசத்துல ஓட்டின லாபத்துல நஷ்டம் போக மீதி 2,72,400.

பரவாயில்லையேன்னு தோணுதா? இப்போ கடையை மூடுங்க. ஃபிரான்சைஸ் கட்டணமும் அதோட ஜிஎஸ்டியும், 3,54,000, திரும்ப வராது. 4 லட்சம் போட்ட இன்டீரியரும் மெஷினும் செகண்ட் ஹேண்ட்ல 1 லட்சம் வந்தா அதிர்ஷ்டம், அதனால 3 லட்சம் போச்சு. நோட்டீஸ்னு ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல ஓனர் பிடிச்சுப்பார், 50,000. மொத்தம் 7,04,000. அதுல சம்பாதிச்ச 2,72,400ஐக் கழிச்சா 4,31,600 நஷ்டம். ஆறு மாசம் காலையில ஒன்பதுல இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நின்ன உங்க உழைப்புக்குச் சம்பளம் போடவே இல்லை, அதையும் கவனிங்க. நகை இன்னும் அடகுலதான் இருக்கு.

கம்பெனிக்கு? 3 லட்சம் கட்டணம், ஆறு மாச ராயல்டி 75,600. கப் 120 போனாலும் 30 போனாலும் அந்த 3 லட்சம் முதல் நாளே போயாச்சு. உங்களுக்குக் காட்டற "மாசம் ஒரு லட்சம் லாபம்" வீடியோ எந்த மாசம் எடுத்ததுன்னு கேட்டுப் பாருங்க. அந்த முதல் ரெண்டு மாசத்துல எடுத்தா அது பொய்யே இல்லை, கடை ஓனர் மனசார உண்மையைத்தான் சொல்லியிருப்பார். ஆனா அடுத்த பத்து ஃபிரான்சைஸ் கையெழுத்தாகறதும் அதே ரெண்டு மாசத்துலதான்.

இதுக்காக ஃபிரான்சைஸே எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. டீக்கடை, டிபன் கடைன்னு வருஷக் கணக்கா நல்லா நடத்தறவங்க இருக்காங்க. தினசரி வேணும்ங்கற பொருள் அது. மக்காவ்ல அந்தக் கடைக்காரரைப் பாருங்க, ட்ரெண்டு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியில இருந்தே காபி அடிச்சுக்கிட்டு இருந்தவர். ட்ரெண்டு அவரைத் தேடி வந்துச்சே தவிர, அவர் அதுக்காக நகையை அடகு வெக்கல. ஏற்கனவே ஜூஸ் கடை வெச்சிருக்கறவர், இருக்கற மெஷின்ல, இருக்கற வாடகையில, மெனுவுல புதுசா ஒரு வரி சேர்த்தா அதுல தப்பே இல்லை. ஓடினா லாபம், ஓடலைன்னா போர்டுல ஸ்டிக்கரைக் கிழிச்சா முடிஞ்சுது. அவருக்கும் அது டல்கோனா செலவுதான்.

கேள்வி கேட்டவங்களுக்கு என் நேரடிப் பதில் இது. கையில இருக்கற காசு அவசர நிதியாவோ நகைக் கடனாவோ இருந்தா, ட்ரெண்டு டிரிங்க் கடை வேண்டாம். அது இல்லாத சொந்தக் காசுன்னா, அந்தக் கம்பெனியோட கடைகள்ல ஒரு வருஷத்தைத் தாண்டினது ஒண்ணையாவது தேடிப் போய், செவ்வாய்க்கிழமை மதியம் மூணு மணிக்கு ஒரு மணி நேரம் உட்காருங்க. ஞாயிறு சாயங்காலம் போகாதீங்க. எத்தனை பில் போடறாங்கன்னு எண்ணுங்க. வர்றவங்கள்ல எத்தனை பேர் ஃபோனை எடுக்காமலேயே குடிச்சுட்டுப் போறாங்கன்னும் பாருங்க.

அக்ரிமென்ட்ல லாக்-இன் எத்தனை வருஷம், பாதியில மூடினா என்ன அபராதம், மெஷினை அவங்களே திரும்ப எடுப்பாங்களா, பக்கத்துத் தெருவுல இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டோம்னு எழுதித் தருவாங்களா, இந்த நாலு இடத்தையும் எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த வாரம் வீடியோவுல பக்கம் பக்கமாக் காட்டறேன். உங்களுக்கு ஆஃபர் ஏதாவது வந்திருந்தா, கம்பெனிப் பேரையும் உங்க பேரையும் மறைச்சுட்டு அனுப்புங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அனுப்புங்க.